முப்பத்தொரு விமானங்கள்

பழைய ஒப்பந்தம் காலாவதியாக இருபத்தாறு மணி நாற்பது நிமிடம் இருந்தபோது, துணை விமானிக்குத் தங்கையிடமிருந்து ஃபோன் வந்தது.

"அக்கா, உன்னோட காலை ஏழு பத்து ஃப்ளைட்லதான் ஏறியிருக்கேன். நீதானே ஓட்டுற? ஆட்டாம போ."

"நான் சங்க ஆபீஸ்ல இருக்கேன்டி."

"விளையாடாத. டிக்கெட்ல உங்க கம்பெனி நம்பர்தான் இருக்கு. ஆனா இங்க எல்லாரும் பச்சை யூனிஃபார்ம்ல..."

லைன் அறுந்தது. அவள் பணிப்பட்டியலைப் பார்த்தாள். ஆறு வருடமாக அவள் ஓட்டிய எண். விமானிகள் கட்டம் வெறுமையாக இருந்தது. சுவரிலிருந்த பலகையில் அதே எண்ணுக்கு நேராக 'புறப்பட்டது' என்று மின்னியது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பச்சை வால் ஓடுபாதையை விட்டு எழும்பியது. பூட்டிய வீட்டுக்குள் யாரோ குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டதுபோல இருந்தது அவளுக்கு.

கோட் ஷேர் என்றார்கள் அதை. எண் நம்முடையது, விமானமும் விமானியும் வேறு கம்பெனி.

பத்து மணிப் பேச்சுவார்த்தையில் மேலாளர் பழைய ஒப்பந்தத்தை நிதானமாக வாசித்தார். விமானங்களைக் கழித்துவிட்டு ஆட்களையும் கழிக்காதிருக்கப் போட்ட விதி: விமானங்கள் முப்பத்தொன்றுக்குக் குறைந்தால் கம்பெனி யாரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது.

"குறைஞ்சுதா? பலகையை எண்ணிப் பாருங்க. முப்பத்தொண்ணு."

தரையில் கம்பெனியின் சொந்த விமானங்கள் பதினாலுதான் நின்றன. மற்றவை ஒவ்வொன்றாகப் பழுதுபார்க்கப் போயிருந்தன. எதுவும் திரும்பவில்லை.

"விமானம்னா இறக்கை வச்சது சார். வெயில்ல தொட்டா சுடும்" என்றார் சங்கத் தலைவரான மூத்த கேப்டன்.

"நாங்க சொன்னது பயணத்தை. அதுவும் விமானம்தானே?" மேலாளர் சிரிக்கவில்லை. பணிமூப்பில் கடைசிப் பத்தொன்பது பேருக்கும் வேலைநீக்கக் கடிதம் தயாராம். துணை விமானி கடைசியிலிருந்து மூன்றாவது.

சங்க அறைக்குத் திரும்பியதும் கேப்டன் ஒரு தாளை மேசையில் போட்டார். "நாளைக்கு நடுவர்கிட்ட போறோம். விமானம்னா இயந்திரம்னுதான் ஒப்பந்தம் போட்ட அன்னிக்கே புரிஞ்சுக்கிட்டோம், வேற அர்த்தம் யாருக்கும் தோணலன்னு அதைப் பேசி முடிச்ச நம்ம குழுவுல இருக்கற அஞ்சு பேரும் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். அப்புறம் பத்தொன்பது பேரையும் எவனாலயும் அசைக்க முடியாது."

பொருளாளர் முதலில் போட்டார். "கல்யாணத்தன்னிக்குக்கூட நான் இவ்வளவு உறுதியா சத்தியம் பண்ணலப்பா."

"அது வீட்டுல தெரியுமா?" என்றார் செயலாளர். சிரித்தபடியே அவரும் போட்டார். நாலு கையெழுத்தும் விழுந்து தாள் அவளிடம் வந்தது. அந்தப் பழைய ஒப்பந்தத்தின் வரைவை வரிவரியாகச் சரிபார்த்தது அவள்தான்.

கீழே ஒலிபெருக்கி பதினொன்று பதினைந்துக்குப் பயணிகளை அழைத்தது. அதுவும் அவள் ஓட்டிய எண். கம்பெனியின் பெயரை அந்தக் குரல் இனிமையாக, ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னது. வாசலில் வரிசை நகர்ந்தது. அவர்களில் யாரும் வாலின் நிறத்தைப் பார்க்கவில்லை. எண் சரியாக இருந்தது; ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா, எழுதலையா அது?"

"எழுதுது சார்."

"அப்புறம் என்ன? போடும்மா. உன் வேலையும்தான் இதுல இருக்கு."

நாலு பேரும் அவளையே பார்த்தார்கள். அவள் தாளைக் கேப்டன் பக்கம் நகர்த்தினாள்.

"அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் வரும்னு எனக்குத் தெரியும் சார். ஒப்பந்தம் கையெழுத்தாகுறதுக்கு முந்தின நாளே தெரியும். எல்லார் முன்னாடியும் எழுந்து பேசக் கூச்சமா இருந்துச்சு. சொல்லாம விட்டுட்டேன்."