கீழே இருக்கும் பெட்டிக்கும் பொட்டு

விண்வெளிக்குப் போக இருந்தது ஒரு கைப்பிடி பச்சைப்பயறு. அனுப்பவிருந்தது நானும் ரயானும். விண்வெளித் துறை நடத்தும் மாணவர் திட்டத்துக்கு எங்கள் தொம்மலூர்ப் பள்ளியிலிருந்து நாங்கள்தான் தேர்வாகியிருந்தோம். ஒரே மாதிரி இரண்டு பெட்டி. ஒன்று ராக்கெட்டில் ஏறும், மற்றது ஆய்வகத்திலேயே இருக்கும். பயறு எதில் எப்படி முளைக்கிறது என்று ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் பெட்டியை எடுத்துப்போக அந்தத் துறையிலிருந்து கோவிந்தப்பா சார் வேனில் வந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"ஏன்மா, இது என்ன செகப்பா?"

குங்குமம். ஆயுத பூஜை விடுமுறைக்குப் பெட்டிகள் எங்கள் வீட்டில் இருந்தன. போகிற பெட்டிக்கு மட்டும் அம்மா பொட்டு வைத்துவிட்டாள். காற்றுத் துளை வழியே உள்ளேயும் இறங்கியிருந்தது. புதுப் பெட்டி செய்ய நேரமில்லை. இன்று விட்டால் போச்சு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"மேல போனது நல்லா மொளச்சா, அது ராக்கெட்டாலயா, சாமியாலயா? என்ன எழுதுவீங்க?" சார் சிரிக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணா இல்லாட்டி எடுத்துட்டுப் போக முடியாது."

"அப்போ இதுக்கும் வெச்சிடலாமா சார்?" என்று மற்ற பெட்டியைக் காட்டினான் ரயான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்.

சார் யோசித்தார். "அதே கை, அதே குங்குமம்."

போன் செய்ததும் ஈஜிபுரா வீட்டிலிருந்து அம்மா குங்குமச் சிமிழோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பெட்டியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். சிமிழைத் திறக்கவில்லை.

"ராகு காலம்."

"அம்மா, வேன் கெளம்பப் போவுது!"

"அத நல்ல நேரத்துல வெச்சேன். இத ராகு காலத்துல வெச்சா ரெண்டும் ஒண்ணாயிடுமா? சாரையே கேளு."

சார் லென்ஸைச் சட்டைப் பையில் போட்டார். "ஆகாது" என்றார். டிரைவரிடம் கன்னடத்தில் இன்ஜினை அணைக்கச் சொன்னார். ராகு காலம் முடியும்வரை எல்லோரும் டீ குடித்தோம்.

பிறகு அம்மா வைத்தாள். சார் லென்ஸில் பார்த்துத் தலையாட்டினார்.

"மொதல்லயே ரெண்டுக்கும் வெச்சிருந்தா இவ்ளோ பாடு உண்டா?" என்றேன்.

"தூரமா போறதுக்குத்தான்டி பொட்டு. இங்கயே இருக்கறதுக்கு எதுக்கு?"

வேன் கிளம்பியது. சந்தோஷத்தில் ரயானின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அம்மா விரலில் மிச்சமிருந்த குங்குமத்தை என் நெற்றியில் இட்டாள்.

"நான் எங்கம்மா போறேன்?"

"நீயும் போவ" என்று சொல்லிச் சிமிழை மூடினாள்.