ஹாக்ஸ்டெட் தம்பதியின் கறுப்பு அங்கி

எங்கள் டெல்வின் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், நீதிபதிக்கும் ஆறு வருஷத்துக்கொரு தேர்தல் உண்டு. 1980 தேர்தலில் ஜெயித்து நீதிபதியான மெர்ல் ஹாக்ஸ்டெட், பதவியேற்பன்று போட்ட கறுப்பு அங்கி அதன்பின் கழலவேயில்லை. கத்தரிக்கோலுக்கும் மசியவில்லை. குளித்தது, தூங்கியது, கண்காட்சியில் பன்றியிறைச்சி சாண்ட்விச் தின்றது எல்லாம் அதோடுதான். கவுண்டி எல்லைக்கு வந்தால் அங்கி சண்டிமாடாக நின்றுவிடும். அவரும் காரைத் திருப்புவார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரையில், மனைவி வில்டாவோடு இருக்கவென்று அவர் ஆசையாக வாங்கிய மரவீடு பூட்டியே கிடந்தது.

ஓட்டுப் போட்டு மாட்டியதை ஓட்டுப் போட்டுத்தான் கழற்ற முடியும் என்று அவருக்குப் புரிந்தது. 1992இல் வேட்புமனுவே போடவில்லை. ஆனாலும் வாக்குச்சீட்டில் அவர் பெயர் இருந்தது, அது மட்டுமே இருந்தது. ஒரே பெயர் இருந்தால் அதைக் குறித்துவிட்டு வருவது எங்கள் பழக்கம், என்ன செய்ய? தேர்தல் வருஷத்தில் அவருக்கு ஓட்டுக் கேட்கும் பெயர்ப் பலகைகள் எங்கள் வாசல் புல்வெளிகளில் தாமாக முளைக்கும். நாங்கள் பிடுங்காமல் சுற்றிப் புல்வெட்டிக்கொள்வோம்.

எதிர்த்து நிற்கச் சொல்லி வக்கீல்களிடம் கெஞ்சினார்.

"நின்னு தோத்தா, திங்கக்கிழமை உங்க முன்னாடிதானய்யா வந்து நிக்கணும்? ஆளை விடுங்க," என்றார் வக்கீல் கிளெட்டஸ் பார்.

"தோக்கப்போறது நான்தான்யா!"

"அதை ஊர் சொல்லணுமே."

கணவர் விசாரிக்கும் வழக்கில் மனைவி வாதாட முடியாது. ஆகவே வில்டாவுக்கு மட்டும் அந்தப் பயமில்லை. ஐம்பத்தாறு வயதில் சட்டக் கல்லூரியில் சேர்ந்து, வக்கீலாகி, 2004இல் எதிர்த்து நின்றார். நீதிபதியே வீடு வீடாகப் போய், "எனக்குப் போட்டுடாதீங்கம்மா, புண்ணியமாப் போகும்," என்றார்.

வில்டா ஜெயித்தார். உறுதிமொழி எடுத்த நொடியில் அங்கி மெர்ல் தோளிலிருந்து வழுக்கி, தரையில் நகர்ந்துபோய் வில்டாமேல் ஏறிப் பொத்தான் போட்டுக்கொண்டது. மெர்ல் அங்கேயே விம்மி அழுதார்.

"அழாத மெர்ல். போய் மீன் புடி. எனக்கென்ன, ஆறு வருஷம்தானே!"

அந்த ஆறு வருஷமும் ஏரிக்கரையில் அவருக்கு மீன் தொண்டையில் இறங்கவில்லை. 2010இல் மனைவியை எதிர்த்து மனுப் போட்டார். 2016இல் மனைவி அவரை எதிர்த்து. போன முறை யார் ஜெயித்தார் என்று பார்த்து மற்றவருக்குப் போடுவது இப்போது எங்களுக்குப் பழகிவிட்டது. அந்த மரவீட்டில் இருவரும் சேர்ந்து ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஞாயிறுதோறும் ஒருவர் மீன் பொரித்து எல்லைக் கம்பம் வரை கொண்டுவருவார். அங்கி போட்டவர் இந்தப் பக்கம் நாற்காலியில் காத்திருப்பார். நாங்கள் காரை மெதுவாக்கிக் கையசைத்துப் போவோம். இந்த வருஷம் மறுபடி மெர்ல் முறை. என் வாசலில் பலகை தலைகாட்டிவிட்டது. காலையில்தான் சுற்றிப் புல்வெட்டினேன்.