கழுதைக் கதைக்காரர் போட்ட கார்டுகள்

ஐந்தரைக்கு எழுந்தான். குழாயில் இரண்டு குடம் பிடித்தான். ஸ்டவ்வைப் பற்றவைத்து ஒரு டம்ளர் காப்பி போட்டுக் குடித்தான். முகம் மழித்தான், குளித்தான். பழைய சோற்றில் மோர் விட்டுச் சாப்பிட்டான். கதவைப் பூட்டி, பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். ஆபீசுக்கு லீவு சொல்லியிருந்தான்.

எலியேசர் போனது பெருங்களத்தூருக்கு. அங்கே ஒரு பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்பில் அவன் போட்ட முப்பத்தொரு கார்டுகள் சுவரில் இருப்பதாக அமலராணி டீச்சர் எழுதியிருந்தாள். பிள்ளைகளுக்குப் படிப்பில் ருசி வரவேண்டுமானால் புத்தகம் எழுதியவருக்கே கடிதம் போடட்டும் என்பது அவளுடைய ஏற்பாடு. ஆளுக்கொரு கேள்வி, பதிலுக்கும் சேர்த்து இரட்டைக் கார்டு. எலியேசர் எழுதியது ஒரே புத்தகம். ரயிலில் ஏறி, எல்லா ஸ்டேஷனிலும் இறங்கிவிடும் ஒரு கழுதையின் கதை. பிள்ளைகள் உங்களைப் பார்க்கத் துடிக்கிறார்கள், ஒருமுறை வாருங்கள் என்று டீச்சர் கூப்பிட்டிருந்தாள்.

அவன் பிள்ளைகளைப் பார்க்கப் போகவில்லை. கார்டுகளைக் கொண்டுவரப் போனான்.

அதில் ஒன்றைக்கூட அவன் எழுதியதில்லை. கடிதக் கட்டு வந்த அன்றே சனியன் என்று மூலையில் எறிந்தான். பொறுக்கியெடுத்துப் பதில் எழுதியவள் அவன் மனைவி ரத்தினபாய். கீழே அவன் பெயரைப் போட்டாள். எட்டு மாதத்துக்கு முன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அவள் ஓரத்தில் குறிப்பெழுதிய வேதப்புத்தகத்தை அவள் அம்மா எடுத்துப் போனாள். மளிகைச் சீட்டுகள் கடையோடு போயின. அவள் கையெழுத்தில் ஒரு வரி வீட்டில் இல்லை.

அவன் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து கைதட்டியது. அவன் நேரே சுவருக்குப் போய்க் குண்டூசிகளைப் பிடுங்க ஆரம்பித்தான்.

"சார், என்ன பண்றீங்க?"

"எடுத்துக்கறேன்."

"அது பிள்ளைங்களோடது."

"என் வீட்லேர்ந்து வந்தது."

"போட்ட லெட்டரைத் திருப்பிக் கேக்கற மனுஷனை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் டீச்சர். "இந்தச் சுவரைக் காட்டித்தான் இதுங்களைப் படிக்க வெச்சிருக்கேன். லைப்ரரி பீரோல பாதி முடிச்சிருக்குங்க. நீங்க உரிச்சுட்டுப் போனா நாளைக்கு எதைக் காட்டறது?"

"கழுதையைக் காட்டுங்க."

"அதான் வந்து நிக்குதே."

பின் பெஞ்சில் சிரிப்பு வெடித்தது. எலியேசர் திரும்பிப் பார்க்கவில்லை. பிடுங்கி முடித்து எண்ணினான். முப்பது. ஒரு இடம் காலியாக இருந்தது. மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் எதையோ மடியில் ஒளித்தாள்.

"ஜஹீரா, காட்டு" என்றாள் டீச்சர்.

"மாட்டேன் டீச்சர். இந்த சாரு புடுங்கிக்குவாரு."

"குடு" என்றான் எலியேசர்.

"எனக்குப் போட்டீங்களே சார்! கழுத ஏன் எறங்கிகினே கீதுன்னு நான் கேட்டேன். நீங்க, 'கழுதையையே கேட்டேன்; நீ ஏன் ஒரு தரம்கூட இறங்கிப் பார்க்கவில்லை என்று அது என்னைத் திருப்பிக் கேட்டது'ன்னு எழுதினீங்க. நெனப்பில்லியா?"

அவனுக்கு அந்தப் பதில் தெரியாது. ரத்தினபாய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பாள். என்ன எழுதுகிறாய் என்று அவன் கேட்டதில்லை.

"மனப்பாடம் ஆயிடுச்சில்ல? அப்புறம் கார்டு எதுக்கு?"

"எனக்கு வந்ததாச்சே."

அவன் குரல் உயர்ந்தது. "இதை எழுதினது நான் இல்ல. ஒண்ணுகூட நான் எழுதல. எல்லாம் என் சம்சாரம். செத்துப்போயிட்டா."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதை இதுங்க முன்னாடிதான் சொல்லணுமா? வெளியில கூப்பிட்டு எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாது?"

எழுபத்திரண்டாம் வருஷத்துப் பள்ளி ஆண்டு மலரில், எழுத்தாளர் தம் கார்டுகள் அனைத்தையும் பள்ளிக்கே அன்பளிப்பாக விட்டுச் சென்றார் என்றும், மாணவி ஜஹீரா கண்ணீர் மல்க நன்றி கூறினாள் என்றும் அச்சாகியிருந்தது. நன்றியும் இல்லை, கண்ணீரும் இல்லை. அந்தப் பெண் தன் கார்டைப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவன் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். கடைசியாக அவள் சொன்னது இதுதான்:

"அப்ப அதுங்ககூட உங்களுது இல்லியே சார். வெச்சுட்டுப் போங்க."