வால் வரும்வரை

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கூட்டம் சேர்த்துக்கொண்டு சைக்கிள் மிதிக்கிறவர்களைப் பார்த்து, இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் எவ்வளவு சட்டதிட்டம் இருக்கிறது என்பது வெளியே நின்று கேட்பவர்களுக்குத் தெரியாது.

முன்னால் போகிறவர் கேப்டன். மற்ற நாட்களில் அவர் பஸ் ஓட்டுநர். எல்லோருக்கும் கடைசியில் வருபவருக்கு ‘வால்’ என்று பெயர். வாலுக்கு அடையாளம், கையில்லாத ஆரஞ்சு சட்டை. வழியில் ஒரு திருப்பம் வந்தால், கேப்டனுக்கு அடுத்து வருபவர் அங்கே இறங்கி, போகவேண்டிய பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் ‘கைகாட்டி’. ஆரஞ்சு சட்டை தன்னைக் கடக்கும்வரை கைகாட்டி அசையக்கூடாது, மழை பெய்தாலும் சரி, வீட்டிலிருந்து போன் மேல் போன் வந்தாலும் சரி. ஆரஞ்சு சட்டை போட்டவர் யாரையும் பின்னால் விட்டுவிட்டு வரக்கூடாது. கூட்டத்தின் மானம் இந்த இரண்டு சட்டங்களில்தான் இருந்தது.

பல மாதங்களாக வால் வேலை பல் டாக்டருக்குத்தான். அவளுக்குப் பொறுமை அதிகம் என்று எல்லோரும் சொன்னார்கள். வாயைத் திறந்துகொண்டு பயந்து கிடப்பவர்களிடம் நாள் முழுக்க “வலிக்காது, வலிக்காது” என்று சொல்கிறவளுக்குப் பொறுமை இல்லாமல் இருக்குமா? பஞ்சர் ஒட்டுவாள், சங்கிலி மாட்டுவாள், மூச்சு வாங்குகிறவர்களோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவாள். அவளுக்கு அது பிடித்திருக்கிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நல்ல பெயர் வந்துவிட்டால் அதைக் கழற்றி வைப்பது அவ்வளவு சுலபமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விசேஷமானது. நகரத்தின் நடுவே புதிதாகக் கட்டிய நீளமான மேம்பாலத்தை, வண்டிகளுக்குத் திறப்பதற்கு முன் ஒரே ஒரு காலை சைக்கிள்காரர்களுக்கு விட்டிருந்தார்கள். அதோடு அன்றுதான் டாக்டரின் அண்ணி, அதாவது கணவனின் அக்கா, முதல்முறையாகக் கூட்டத்தோடு ரோட்டில் இறங்கினாள்.

அண்ணிக்குப் பார்சல் அலுவலகத்தில் வேலை. உரியவர் கையில் தவிர வேறு யார் கையிலும் பார்சலைக் கொடுக்கமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் தலைகீழாக நின்றாலும் நடக்காது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை மாற்றலில் வந்து, தம்பி வீட்டின் ஓர அறையில் ஒரு வருஷமாக இருக்கிறாள். அலுவலகம் விட்டால் வீடு, வீடு விட்டால் அலுவலகம். டாக்டர்தான் அவளை விடாப்பிடியாகக் கார் நிறுத்துமிடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் சைக்கிள் கற்றுக்கொடுத்தாள். அண்ணி விழுந்தாள், முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள், தூண்களுக்கெல்லாம் அறிமுகமானாள், கடைசியில் ஓட்டிவிட்டாள். ஒன்று மட்டும் வரவில்லை. ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்கத் தெரியாது. தலை திரும்பினால் ஹேண்டில்பாரும் கூடவே திரும்பும்.

“ஒரே ஒரு தடவை எல்லாரோடயும் வரேன்,” என்று முந்தின நாள் சொன்னாள். “என் சைக்கிள்லயே முழுசாப் போய்ச் சேந்துட்டா, வாராவாரம் வருவேன். நடுவுல யாராவது வேன்ல ஏத்திட்டுப் போற மாதிரி ஆச்சுன்னா, அத்தோட சரி. அப்புறம் என்னைக் கூப்பிடவே கூப்பிடாத.”

அண்ணி ஒன்று சொன்னால் சொன்னதுதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“பயப்படாதீங்க அண்ணி. நான்தான் வால். உங்க பின்னாடியேதான் வருவேன். நீங்க திரும்பிப் பாக்கவே வேண்டாம்.”

அண்ணி தன் போனைக்கூட டாக்டரின் பையில்தான் போட்டாள். “நீதான் கூடவே வரியே,” என்றாள்.

புறப்பட்டார்கள். அண்ணி பத்திரமாக, மிக மிகப் பத்திரமாக ஓட்டினாள். நடந்து போகிறவர்கள் அவளைக் கடந்து போனார்கள். முன்னால் போனவர்களின் சிரிப்பும் மணிச்சத்தமும் தேய்ந்துகொண்டே போயின. தூரத்தில் பாலத்தின் ஏற்றத்தில் பொடிப்பொடியாக ஆட்கள் ஏறத் தொடங்கியது தெரிந்தது. இந்தக் காலை போனால் அதன்மேல் லாரிகள்தான் போகும். டாக்டரின் கால்கள் பரபரத்தன. இத்தனை மாதமாக எல்லோருடைய முதுகையும் பார்த்தாயிற்று, ஒரே ஒரு காலை முன்னால் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று மனம் கேட்டது.

சிவப்பு விளக்கில் நின்றார்கள். டாக்டர் சட்டையைக் கழற்றினாள்.

“அண்ணி, இன்னிக்கு இதை நீங்க போட்டுக்கோங்க. நீங்கதான் வால்.”

“நானா? வந்த முதல் நாளேவா?”

“உங்களை மாதிரி பொறுப்பான ஆள் யார் இருக்கா? ஒண்ணுமில்ல, யாரையும் பின்னாடி விட்டுட்டு வரக்கூடாது. அவ்வளவுதான். வலிக்காது.”

தனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை என்பது டாக்டருக்கு நன்றாகத் தெரியும். அண்ணிக்குத் தெரியாது. முகம் மலர்ந்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு, கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பச்சை விழுந்ததும் டாக்டர் பறந்தாள்.

பாலம் அற்புதமாகத்தான் இருந்தது. அதை இல்லை என்று சொல்ல முடியாது. வேகக்காரர்களையெல்லாம் பிடித்து, ஒவ்வொருவராகத் தாண்டி, உச்சியில் காற்று முகத்தில் அறைய, இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் இறங்கி, பாலம் முடியும் இடத்திலிருந்த பூங்காவுக்குக் கேப்டனின் பின்சக்கரத்தை ஒட்டியே போய்ச் சேர்ந்தாள். கைதட்டினார்கள். டாக்டருக்குள் இப்படி ஒரு புலி இருந்ததா என்று கேலி செய்தார்கள். டீ வந்தது. அவள் இரண்டாவது கோப்பையை வாங்கிய பிறகுதான் கேப்டன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“கைகாட்டிங்க யாரையும் காணோமே. ஆமா, இன்னிக்கு வால் நீங்கதானே? சட்டை எங்க?”

உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் அவளைச் சுற்றி எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணி ஆசைப்பட்டுக் கேட்டாங்க. மனசு கேக்கல, குடுத்துட்டேன்,” என்றாள்.

“புதுசா வந்தவங்க கிட்டயா? சரி, நம்பரைச் சொல்லுங்க.”

சொன்னாள். கேப்டன் அழுத்தினார். டாக்டரின் பைக்குள் மணி அடித்தது.

அவள் பையைத் திறந்து அண்ணியின் போனை எடுத்தாள். நிறுத்த எந்த இடத்தைத் தொடுவது என்று கைக்குப் பிடிபடவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

“பாலத்தைச் சீக்கிரம் வண்டிகளுக்குத் திறந்துடுவாங்க,” என்றார் கேப்டன், குரலைத் தாழ்த்தி. “வேன் அனுப்பறேன். எங்க இருந்தாலும் ஏத்திட்டு வந்துடட்டும்.”

“வேண்டாம். வேன் மட்டும் வேண்டாம். நான் போய்க் கூட்டிட்டு வரேன்.”

வந்த வழியே திரும்பி மிதித்தாள். அதே பாலம், இப்போது முடியவே மாட்டேன் என்றது. அண்ணி எங்கேயாவது விழுந்து கிடந்தால், பின்னால் நான் இல்லை. இதையே திரும்பத் திரும்ப நினைத்தாள்.

பாலத்தின் அடியில் முதல் கைகாட்டி நின்றிருந்தார், தொப்பை பெருத்த ஒரு வங்கி மேனேஜர். வெயில் ஏறிவிட்டது. இடது கை வலித்ததால் வலது கையை நீட்டியிருந்தார்.

“வால் வரலையே டாக்டர்? நீங்க எப்படி இந்தப் பக்கமிருந்து?”

“அண்ணி சட்டையை ஆசைப்பட்டுக் கேட்டாங்க, அதான்...”

அடுத்த திருப்பத்தில் கணக்கு டீச்சர். காலில் சுளுக்கு, சைக்கிளின்மேல் சாய்ந்து நின்றாள். அவளிடம், “வேண்டாம்னு சொன்னேன், பிடிவாதம் பிடிச்சாங்க,” என்று வந்தது. மூன்றாவது திருப்பத்தில் முடிவெட்டும் கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு வியாபாரம். கடை வாசலில் ஆட்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் நீட்டிய கையை இறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் டாக்டருக்கு நாக்கு இன்னும் நீண்டது. “என்ன பண்றது, பிடுங்காத குறையா வாங்கிக்கிட்டாங்க.”

சொல்லிவிட்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. கேட்டதற்கு மேல் எதற்குச் சொன்னேன்? ஒரு பொய்க்கு இத்தனை அலங்காரம் எதற்கு?

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு மளிகைக் கடை வாசலில் ஆரஞ்சு தெரிந்தது. அண்ணி சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தாள். முழங்கையில் பழைய காயத்தின்மேல் புதுக் காயம். பக்கத்தில் பன் பெட்டிகள் கட்டிய ஒரு சைக்கிள்.

“வந்துட்டியா? நல்லவேளை. இவரு உள்ள போனவரு இன்னும் வரல. ஒவ்வொரு கடையா நிக்கறாரு. நானும் கூடவே நிக்கறேன்.”

“யாரு அண்ணி?”

“எனக்குப் பின்னாடி வந்தவரு. பாலத்துப் பக்கம் வரீங்களான்னு கேட்டேன், ஆமான்னாரு. விட்டுட்டு வரலாமா? பின்னாடி யாராச்சும் வராங்களான்னு பாக்கறதுக்கே எனக்கு இறங்கி இறங்கி ஏற வேண்டியிருக்கு. ஓட்டிக்கிட்டே பாக்க முயற்சி பண்ணேன், விழுந்துட்டேன்.” ஏதோ பரிசு வாங்கியதைப்போல் முழங்கையைக் காட்டினாள். “ஆனா ஒருத்தரையும் விடல.”

பன் வியாபாரி வெளியே வந்தார், தான் கூட்டத்து ஆளே இல்லை என்றார். இந்த அம்மா காலையிலிருந்து தன்னைக் காவல் காக்கிறாரே, போலீஸோ என்று பயந்துபோயிருந்ததாகச் சொன்னார். அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டாக்டருக்குச் சிரிக்க முகம் ஒத்துழைக்கவில்லை.

“சட்டையைக் குடுங்க அண்ணி, நான் போட்டுக்கறேன்.”

“போய்ச் சேந்ததும் தரேன். பாதியில கை மாத்தறது என் வழக்கமில்ல.”

அண்ணி முன்னால், டாக்டர் பின்னால் என்று கிளம்பினார்கள். பாலத்தைத் திறப்பதற்குள் போயாக வேண்டும் என்று சொன்னதும் அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். அப்போதுதான் டாக்டருக்கு உறைத்தது. மூன்று கைகாட்டிகளையும் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது.

முடிவெட்டும் கடைக்காரர் கையை இறக்கி உதறிக்கொண்டார். “ஏம்மா, புதுசா வந்துட்டு டாக்டர் கிட்ட சட்டையைப் பிடுங்கிக்கலாமா? என் கடை வாசல்ல ஆளுங்க காத்துக்கிட்டு நிக்கறாங்க.”

அண்ணியின் சைக்கிள் லேசாக ஆடியது. நேரானது.

“மன்னிச்சுக்கோங்க,” என்றாள்.

அடுத்தது டீச்சர். “பிடிவாதமா வாங்கினீங்களாமே. சின்னக் குழந்தையா நீங்க?”

“தப்புதாங்க.”

அண்ணியால் திரும்பிப் பார்க்க முடியாது. டாக்டருக்கு அந்த முகம் தெரியவில்லை. ஆரஞ்சு முதுகும், வேர்வையில் நனைந்த கழுத்தும், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்த கைகளும்தான் தெரிந்தன. கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். கூப்பிட்டால் அண்ணி திரும்புவாள், திரும்பினால் விழுவாள். நல்ல சாக்கு கிடைத்துவிட்டது. மூடிக்கொண்டாள்.

பாலத்தடியில் மேனேஜர் மட்டும் தன்மையாகச் சொன்னார். “ஆசை இருக்கலாம்மா, கொஞ்சம் பழகிட்டு வாங்கியிருக்கலாம்.”

“ஆமாங்க.”

ஏற்றம் தொடங்கும் இடத்தில், தலையைத் திருப்பாமலேயே அண்ணி சொன்னாள். “நீ முன்னாடி போ. வாலுக்குப் பின்னாடி யாரும் இருக்கக்கூடாது. அதுதானே சட்டம்.”

டாக்டர் அவளைக் கடந்து முன்னால் போனாள். கடக்கும்போது பக்கவாட்டில் பார்க்கத் துணிவில்லை. பின்னால் அண்ணியின் மூச்சு சத்தம் ஏற்றம் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தது. எங்கேயும் இறங்கவில்லை. அவர்கள் மறுபக்கம் இறங்கும்போது தடுப்புகளைத் தூக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பூங்காவில் கேப்டன் கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார். “இனிமே புதுசா வரவங்க சட்டையைத் தொடக் கூடாதும்மா. எத்தனை பேர் வெயில்ல நின்னாங்க பாருங்க. நீங்களே கேட்டு வாங்கினீங்களா?”

அண்ணி டாக்டரை ஒரு தரம் பார்த்தாள். கைகாட்டிகளைக் கடந்த பிறகு அதுதான் முதல்முறை.

“ஆமாங்க. ஆசையா இருந்துச்சு,” என்றாள் அண்ணி.

பிறகு சட்டையைக் கழற்றி, தூசி தட்டி, நான்காக மடித்து டாக்டரின் கையில் வைத்தாள். பையிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டாள். டீ வேண்டாம் என்றுவிட்டாள்.

“அண்ணி, நான் கேப்டன் கிட்ட சொல்லிடறேன்.”

“சொல்லு, சொல்லாம இரு. அது உன் பாடு.” குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. “அடுத்த வாரமும் வருவேன். முழுசா ஓட்டிட்டேன்ல? ஆனா நீ முன்னாடி போயிடு. நீ பின்னாடி இருக்கன்னு நினைச்சுக்கிட்டு என்னால ஓட்ட முடியாது.”

டாக்டர் சட்டையோடு கேப்டனிடம் போனாள். வழியிலேயே அண்ணியைத் தாண்டி வந்துவிட்ட மேனேஜரும் டீச்சரும் முடிவெட்டும் கடைக்காரரும் அங்கேதான் நின்றிருந்தார்கள்.

“அவங்க கேக்கல,” என்றாள். “நான்தான் குடுத்தேன். எனக்கு வேகமாப் போகணும்னு இருந்துச்சு. பின்னாடி யாரும் இல்லன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன்.”

முடிவெட்டும் கடைக்காரர் டீயோடு எடுத்த பன்னைத் தட்டில் வைத்தார். கேப்டன் சட்டையை வாங்கிக்கொண்டார். “இதை அவங்க முன்னாடி சொல்லியிருக்கலாமே டாக்டர்,” என்றார்.

அவள் திரும்பினாள். அண்ணி சைக்கிள் வைத்திருந்த இடம் காலியாக இருந்தது. பூங்கா வாசலுக்கு வெளியே, பஸ்களுக்கும் கார்களுக்கும் ஓரமாக, அண்ணி வீட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள். முதுகு நேராக இருந்தது. அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.