பையன் வரும் நான்கு நிமிடங்கள்

ஒரு படத்துக்கு யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் பிழைப்பு. படங்களை வாங்கி வெளியிடும் கம்பெனி ஒன்றில் ட்ரெய்லர் வெட்டுவதும் போஸ்டர் போடுவதும் என் பிரிவு. பதினேழு வருடமாகிறது. அலுவலகத்தில் எனக்கு ஜோசியர் என்று பெயர். சொன்னது பலித்தால் என் திறமை. பலிக்காவிட்டால் பரீட்சை நேரம், இல்லையென்றால் டிவியில் மேட்ச்.

போன வருடம் எங்களிடம் ஒரு குழந்தைகள் படம் வந்தது. அனிமேஷன். பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் தண்ணீர்த்தொட்டிக்குள் ஏதோ குடியிருக்கிறது. அதற்கு உருவம் கிடையாது, குரல் மட்டும்தான். வீட்டில் இருப்பவர்களின் குரலிலேயே குழாய் வழியாகக் கூப்பிடும். போனவர்கள் திரும்புவதில்லை. அப்படிப் போன அப்பாவைத் தேடிப் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி தொட்டிக்குள் இறங்குகிறாள். அவள் பாடமாட்டாள், முயலோடு பேசமாட்டாள். நகம் கடிப்பாள், எடுத்ததற்கெல்லாம் சண்டைக்கு நிற்பாள். அவ்வளவுதான் கதாநாயகி.

மீட்டிங்கில் முதலாளி என் பக்கம் திரும்பினார். எதிரே படத்தின் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். ஆறு வருடம் இந்த ஒரே படத்தோடு போராடியவர். மடியில் வைத்திருந்த பையைக் கடைசிவரை கீழே வைக்கவில்லை.

"பொண்ணு ஹீரோன்னா பசங்க வரமாட்டாங்க. பயமுறுத்துற படம்னா பொண்ணுங்க வரமாட்டாங்க," என்றேன். "மிச்சம் யாரு இருக்கா? காலி சீட்டுதான்."

முதலாளி சிரித்தார். அவர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள்.

"இதை யார் சார் சொன்னது?" என்று இயக்குநர் கேட்டார்.

"அனுபவம் மேடம்."

"அது சரி. பசங்க யாராவது சொன்னாங்களா?"

"பசங்க எங்க மேடம் சொல்லுவாங்க. வரமாட்டாங்க, அவ்வளவுதான்."

இந்தப் பதில் அப்போது எனக்கு ரொம்பக் கூர்மையாகத் தோன்றியது. சாயங்காலம் மனைவியிடம்கூடச் சொல்லிக் காட்டினேன். அவள் சலவைத் துணியை மடித்தபடியே, "நல்லாத்தான் இருக்கு," என்றாள். முழுதாகக் கேட்டாளா என்று தெரியாது.

என்னிடம் மருந்தும் இருந்தது. படத்தில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் உண்டு. டார்ச் லைட்டோடு வருவான், தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பான், இருபத்திநான்காவது நிமிடத்தில் அது அவனை விழுங்கிவிடும். மொத்தமே நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தை ஈரத்துணி பிழிவதுபோலப் பிழிந்தேன். ட்ரெய்லரில் பையன் ஏழு முறை ஓடினான். அதில் மூன்று ஒரே ஓட்டம், இடவலம் மாற்றிப் போட்டது. கதாநாயகியின் பின்னந்தலை இரண்டு முறை வந்தது. போஸ்டரில் அவன் டார்ச்சோடு நடுவில் நின்றான். அவள் மூலையில், கம்பெனி முத்திரைக்குப் பக்கத்தில், அவளும் ஏதோ முத்திரைபோல இருந்தாள்.

இயக்குநர் ட்ரெய்லரை இரண்டு தடவை பார்த்தார்.

"சார், இவனை முழுங்கிடுதே."

"அது ட்ரெய்லர்ல தெரியாது மேடம்."

"படத்துல தெரியுமே."

அதற்குள் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பார்களே என்று நினைத்தேன்; சொல்லவில்லை. அவர் முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். வெளியிடுவதற்கு முன்னால் ட்ரெய்லரையும் படத்தையும் சேர்த்துக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். என் பேச்சு நிரூபணமாகட்டும் என்று முதலாளியும் சம்மதித்தார். எனக்கும் அதே எண்ணம்தான்.

சனிக்கிழமை காலை, ஒரு சின்ன அரங்கு. இருபத்தாறு பையன்கள், இருபத்தாறு பெண்கள். அவர்களில் ஒன்பது வயதான என் மகளும் பத்து வயதான என் தங்கை மகனும் இருந்தார்கள். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணை வாசலில் நிறுத்தி, நானே தயாரித்த படிவம் ஒன்றைக் கொடுத்தேன். பாதியில் எழுந்து போகிறவர்கள் ஆணா பெண்ணா, வயது என்ன, காரணம் என்ன என்று அதில் குறிக்க வேண்டும்.

"யாரா இருந்தாலும் எழுதணும்மா. ஒருத்தரையும் விட்டுடக்கூடாது," என்றேன்.

ட்ரெய்லர் முடிந்ததும் பையன்கள் கைதட்டினார்கள். நான் திரும்பி இயக்குநரைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

இருபத்திநான்காவது நிமிடம் வந்தது. தொட்டி பையனை விழுங்கியது. பிறகு முன் வரிசையில் ஒரு குரல் கேட்டது. "டேய், ஹீரோ போய்ட்டான்டா."

"அவன் ஹீரோ இல்லடா, அவதான்."

"அப்ப ட்ரெய்லர்ல?"

"ட்ரெய்லர் போட்டவரு படத்தைப் பாத்திருக்கமாட்டாரு."

அரங்கமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். இருட்டில் சிரிக்காமல் இருப்பவன்தான் முதலில் மாட்டுவான்.

அந்தப் பையன் சொன்னது பொய்யில்லை. துண்டு துண்டாக ஐம்பது தடவை பார்த்திருப்பேன், அதுவும் சத்தம் சேர்க்காத பிரதியை. முழுப் படத்தை நான் பார்த்ததே கிடையாது. திரையில் அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறாள். வெளிச்சம் போய்விட்டது. குழாய் வழியாக அம்மாவின் குரல் வருகிறது: "கண்ணு, மேல வா. சாப்பாடு ஆறுது." அவள் ஏணியில் ஒரு கால் வைக்கிறாள். அப்போது வேறொரு பக்கத்திலிருந்து அதே அம்மாவின் குரல், அதே நிதானத்தில் கேட்கிறது: "கண்ணு, எங்க இருக்க?"

என் பின்கழுத்தில் மயிர் நட்டுக்கொண்டது.

"மாமா, கை வலிக்குது," என்றான் தங்கை மகன். அவன் கையை நான் எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, குனிந்தபடி வெளியே வந்துவிட்டேன்.

வாசலில் அந்தப் பெண் பேனாவோடு எழுந்து நின்றாள். "சார், காரணம் என்ன போடட்டும்?"

"போன்மா."

அவள் என் போனைப் பார்த்தாள். திரை கறுப்பாக இருந்தது. எல்லோரும் போனை அணைத்துவிட வேண்டும் என்று காலையில் கத்தியது நான்தான். அவள் குனிந்து எழுதினாள்.

படம் முடிந்ததும் குழந்தைகள் கருத்து எழுதிக் கொடுத்த சீட்டுகளைப் பிரித்தோம். யாரைப் பிடித்தது என்ற கேள்விக்குப் பத்தொன்பது பையன்கள் அவளை எழுதியிருந்தார்கள். நான்கு பேர் தொட்டியில் இருந்ததை, இரண்டு பேர் அப்பாவை. ஒரே ஒருவன் டார்ச் பையனை எழுதி, பக்கத்தில் 'பாவம்' என்று போட்டிருந்தான். ஆனால் நண்பர்களிடம் இந்தப் படத்தைப் பற்றிச் சொல்வாயா என்ற கேள்விக்குப் பதினோரு பையன்கள் மாட்டேன் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பதினொன்றை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பாருங்கள், பையன்கள் பையன்கள்தான்.

காரில் தங்கை மகனைக் கேட்டேன். "நீ என்னடா எழுதின?"

"ரொம்பப் புடிச்சுதுன்னு. ஆனா ஸ்கூல்ல சொல்லமாட்டேன்னும் எழுதினேன்."

"ஏன்?"

"பொண்ணு படம்னு கிண்டல் பண்ணுவாங்க."

"யாருடா அப்படிச் சொல்றது?"

"நீங்கதான் மாமா. போன லீவுல அந்த சூனியக்காரி படத்துக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேன். அது பொண்ணுங்க படம், உனக்கு எதுக்குன்னு சொன்னீங்க. அப்புறம் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சீங்க."

எனக்கு அது ஞாபகம் இல்லை. அவனுக்கு இருந்தது. வண்டி சிக்னலில் நின்றது; நான் பச்சை விழுந்த பிறகும் நின்றேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"உனக்கு?" என்று மகளைக் கேட்டேன். அவளாவது கதாநாயகியைப் பற்றி நெகிழ்ந்து ஏதாவது சொல்வாள், அதைத் திங்கட்கிழமை மீட்டிங்கில் எடுத்துவிடலாம் என்று ஆசை.

"அவ சும்மா கத்திக்கிட்டே இருக்கா. எனக்கு தண்ணிக்குள்ள இருக்குறதுதான்பா புடிச்சுது. நாளைக்கும் போலாமா?"

திங்கட்கிழமை முதலாளி அறிக்கையை எல்லோர் முன்னாலும் வாசித்தார். பாதியில் எழுந்து போனவர்கள் மூன்று பேர். பெண், வயது எட்டு, கழிப்பறை. ஆண், வயது ஒன்பது, கழிப்பறை. ஆண், வயது நாற்பத்திநான்கு, பயம்.

"யாருய்யா இது?" என்றார் முதலாளி.

நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு தயங்கித் தூக்கியதில்லை. இந்த முறை எல்லோரும் முதலாளிக்கு முன்பே சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும், காரில் நடந்ததையும் சொன்னேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் மட்டும், "அவரை இன்னொரு தடவை கூட்டிட்டு வாங்க சார், அந்த மருமகனை," என்றார்.

புது ட்ரெய்லரை இயக்குநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வெட்டினேன். காலை பதினோரு மணிக்கு, எல்லா விளக்கையும் போட்டு, கதவைத் திறந்துவைத்து. அவள் முகத்தில் தொடங்கி, இரண்டு குரலும் வரும் இடத்தில் முடித்தோம். "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க சார்," என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கூட்டுவதும், அவர் தண்ணீர் குடிக்கும்போது குறைப்பதுமாக இரண்டு நாள் போனது.

படம் வெளியான அன்று நல்ல மழை. முதல் காட்சிக்கு அரங்கின் வாசலில் நின்று எண்ணுவது என் வழக்கம். குழந்தைகள் கூட்டமாக வந்தார்கள். எல்லோருக்கும் தலையை மூடிய மழைக்கோட்டு, முட்டி வரை பூட்ஸ். மஞ்சள், நீலம், பச்சை. எது பையன், எது பெண் என்று ஒன்றும் தெரியவில்லை. அறுபது வரை எண்ணிப் பார்த்துவிட்டு, குடையை மடக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

முதலாளி போனில் கூப்பிட்டார். "என்ன ஜோசியரே, பசங்க எத்தனை, பொண்ணுங்க எத்தனை?"

"ஹால் முக்கால்வாசி நிரம்பிடுச்சு சார்."

"அதில்லய்யா. பிரிச்சுச் சொல்லு."

"பாதிக்குப் பாதி சார்," என்றேன்.

அவர் அதை வாய்விட்டுச் சொல்லியபடி எழுதிக்கொண்டார்.