ஜூராகான் கடையின் அரைக் கிண்ணம்

மலைக் கணவாய்க்குக் கீழே இருக்கும் தாஷ்கெச்சூவில் ஜூராகானின் கடைச் சாப்பாட்டைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் கிடையாது. தொட்டிலில் கிடக்கும் குழந்தை மட்டும்தான் விட்டுவைத்தது, அதுவும் இன்னும் பேச வராததால். லக்மான் நூடுல்ஸ் தாம்புக்கயிறு மாதிரி இருக்கிறது என்பார்கள். மந்திக் கொழுக்கட்டையைப் பிட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே வெங்காயம்தான் இருக்கிறது, ஆடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது என்பார்கள். சொல்லிவிட்டு இன்னொரு தட்டு கேட்பார்கள்.

எல்லாரையும் விடப் பெரிய வாய் சத்தார்குல்லுடையது. முப்பது வருஷம் டீசல் லாரி ஓட்டி ஓய்ந்த மனுஷன். ஜன்னலோர மேஜை அவருக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தால் சாயங்காலம்தான் எடுப்பார்.

"ஏ ஜூராகான்! இந்தக் கறி போன வருஷத்து ஆடா, அதுக்கு முந்தின வருஷத்து ஆடா?"

"உங்க பல்லுதாண்ணே போன வருஷத்தோட போச்சு. ஆட்டை ஏன் சொல்றீங்க?" என்று சமையல்கட்டிலிருந்தே பதில் வரும்.

பக்கத்து மேஜையில் மருந்துக்கடைக்காரி தாமிராவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். அந்த ஊரில் மரியாதையாக 'நன்றாக இருந்தது' என்று சொல்வது சாவு வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும்தான்.

ஜூராகான் அடுப்பை விட்டு வெளியே வருவதே அபூர்வம். வெளிவேலை முழுக்க மருமகள் புருலாயின் பொறுப்பு. முக்கியமாகத் தேநீர். வீட்டுக்கு வந்த மருமகள்தான் கெட்டிலுக்கு அதிகாரி, மாமியார்கூட அதில் கை வைப்பதில்லை. புருலாய் அரைக் கிண்ணம் ஊற்றி வலது கையால் நீட்டுவாள், காலியானதும் வாங்கி மறுபடி அரைக் கிண்ணம் ஊற்றுவாள். சத்தார்குல் பழைய லாரிக் கதையில் ஒரு மலையேறி இறங்குவதற்குள் பத்துத் தடவையாவது கிண்ணம் போய் வரும். புருலாய் அதிகம் பேசமாட்டாள். பேச வாய்ப்பும் இல்லை, மாமியார் பேச்சுக்கு நடுவே ஊசி நுழைய இடமிருக்காது.

வினை ஜூலை மாதம் சைக்கிளில் வந்தது. வெளிநாட்டுக்காரன் ஒருவன் வந்தான், சாப்பிட்டான், போனான். ஒரு வாரம் கழித்து மகன் எர்மெக் போனைப் பார்த்தபடி சமையல்கட்டு வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, நம்ம கடையைப் பத்தி எழுதியிருக்கான். சாப்பாடு அருமையாம்."

"அது தெரிஞ்சதுதானே. அப்புறம்?"

"டீ மட்டும் அரைக் கிண்ணம்தான் தர்றாங்களாம். கடைக்காரம்மா கொஞ்சம் கஞ்சம்னு போட்டிருக்கான்."

ஜூராகானுக்குச் சுருக்கென்றது. உப்பு, கயிறு, கிழட்டு ஆடு, எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். கஞ்சம் என்று அவள் வம்சத்தில் யாரையும் யாரும் சொன்னதில்லை. கரண்டியோடு வெளியே வந்தாள்.

"புருலாய்! இனிமே இந்தக் கடையில அரைக் கிண்ணம்ங்கிற பேச்சே கிடையாது. வழிய வழிய ஊத்து!"

புருலாய் நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாருக்குமா அத்தை?"

"எல்லாருக்கும்தான்!"

"இல்ல அத்தை, நம்ம ஊர்க்காரங்க..."

"ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஊத்துன்னா ஊத்து."

புருலாய் வாயை மூடிக்கொண்டு கெட்டிலை எடுத்தாள்.

கோடை முழுக்க மோட்டார் சைக்கிள்காரர்களும் மலையேறுகிறவர்களும் வந்து குவிந்தார்கள். மாவு பிசைந்து பிசைந்து ஜூராகானுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. செப்டம்பர் முடிந்து அவர்கள் கிளம்பிப் போன பிறகுதான், கடையில் பேச்சுச் சத்தமே இல்லை என்பது அவள் காதில் விழுந்தது.

எட்டிப் பார்த்தாள். ஜன்னலோர மேஜை காலி. தாமிரா மட்டும் இருந்தாள், அவளும் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி, வந்ததும் கிளம்புற?"

"வேலை இருக்குக்கா. சாப்பாடு ரொம்ப நல்லா இருந்தது. நன்றிக்கா."

நல்லா இருந்ததாமே! நன்றியாமே! இதென்ன சாவு வீடா?

அடுத்த வாரம் அவளும் வரவில்லை. சாயங்காலமானால் கூட்டம் மருந்துக்கடையின் கணப்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, பிளாஸ்கில் கொண்டுவந்த தேநீரைக் குடிக்கிறது என்று சேதி வந்தது. இருமல் மருந்து வாசனைக்கு நடுவே உட்கார்ந்து டீ குடிக்கிறார்களாம், இவள் கடையை விட்டுவிட்டு!

அது வெறும் மானப் பிரச்சினையாக இருந்தால் ஜூராகான் இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பாள். பனியில் கணவாய் மூடிவிட்டால் ஆறு மாதத்துக்கு வெளியாள் வரமாட்டான். ஊர்க்காரர்கள் சாப்பிட்டால்தான் குளிர்காலத்தில் கடை. எர்மெக் ஏற்கெனவே பேச ஆரம்பித்துவிட்டான்.

"இப்படியே போனா நான் ரஷ்யாவுக்குக் கிளம்பிடுறேம்மா. கட்டட வேலைக்கு ஆள் கேக்குறாங்க. வெள்ளிக்கிழமை வண்டி இருக்கு. அதுக்கப்புறம் கணவாய் மூடிடும்."

புருலாய் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது, திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணமான வருஷமே ஒரு குளிர்காலம் அவன் அப்படிப் போய்விட்டு வந்திருந்தான். அந்தக் குளிர்காலத்தில் இந்த வீடு எப்படிக் கிடந்தது என்பதை ஜூராகானும் மறக்கவில்லை.

நேரே மருந்துக்கடைக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் சத்தார்குல் பிளாஸ்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"என்னண்ணே குறை? மூஞ்சிக்கு நேரே சொல்லுங்க."

"குறையா? ஒண்ணுமில்லையேம்மா. நல்ல கடை."

"சத்தியமா ஒண்ணுமில்லக்கா" என்றாள் தாமிரா.

"சொல்லாம நான் போகமாட்டேன்."

சத்தார்குல் தாடியைச் சொறிந்தார். "உப்பு கொஞ்சம் தூக்கலோ என்னவோ."

"கடையில நாளெல்லாம் பாடுற அந்தப் பாட்டுப் பெட்டியும் கொஞ்சம் சத்தம்" என்றாள் தாமிரா. இருவரும் ஜூராகானின் கண்ணைப் பார்க்கவில்லை.

ஜூராகான் உப்பைக் குறைத்தாள். பாட்டுப் பெட்டியைத் தூக்கிக் கொட்டகையில் போட்டாள். யாரும் வரவில்லை. உப்பை இன்னும் குறைத்தாள், ஆட்டை மாற்றினாள், நூடுல்ஸை நூலாக இழுத்தாள். எர்மெக் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "காய்ச்சல்காரனுக்குக் குடுக்கிற மாதிரி இருக்கும்மா" என்றான்.

புதன்கிழமை காலையில் மேலே சிகரத்தில் புதுப்பனி விழுந்திருந்தது. மத்தியானம் வரை ஒரு ஆள் வரவில்லை. செய்ய வேலை இல்லாமல் ஜூராகான் ஏப்ரனை அவிழ்த்து வைத்தாள். சால்வையை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, சத்தார்குல்லின் ஜன்னலோர மேஜையில் போய் உட்கார்ந்தாள். கடை திறந்த நாளிலிருந்து அவள் அதில் உட்கார்ந்ததே இல்லை.

"புருலாய், டீ கொண்டா."

புருலாய் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. கெட்டிலைச் சாய்த்தாள். அரைக் கிண்ணத்தில் நிறுத்தவில்லை. விளிம்பு வரை, இன்னும் ஒரு சொட்டு விட்டால் மேஜையில் வழியும் என்கிற வரை ஊற்றி, வலது கையால் நீட்டினாள்.

ஜூராகான் ஏதோ யோசனையில் வாங்கினாள். எர்மெக்கின் வெள்ளிக்கிழமை வண்டியை நினைத்தபடியே குடித்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்தாள். சால்வையை எடுத்துத் தோளில் போட்டு, கதவுப் பிடியில் கை வைத்தாள்.

கை வைத்தபடியே நின்றாள். எங்கே போகிறோம்?

நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த மலைகளில் அரைக் கிண்ணம் என்றால், இரு, ஆறுவதற்குள் இன்னும் ஊற்றுகிறேன் என்று அர்த்தம். முழுக் கிண்ணத்துக்கும் ஒரே அர்த்தம்தான், குடித்துவிட்டுக் கிளம்பு. யாரும் யாருக்கும் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை, கால் தானாக எழும். கோடை முழுக்க, ஊர் மொத்தத்தையும், சத்தார்குல் உட்பட, வழிய வழிய ஊற்றி வெளியே அனுப்பியிருக்கிறாள். போகச் சொன்ன வீட்டுக்கு யார் திரும்பி வருவான்? வந்து, ஏன் போகச் சொன்னாய் என்று எப்படி வாய்விட்டுக் கேட்பான்? உப்பு என்று எதையாவது சொல்லி வைக்க வேண்டியதுதான்.

மெதுவாகத் திரும்பினாள்.

"எனக்கேவாடி? மாமியாருக்கேவா முழுக் கிண்ணம் ஊத்துற?"

"எல்லாருக்கும்னு நீங்கதானே அத்தை சொன்னீங்க." புருலாய் கெட்டிலை மேஜையில் வைத்தாள். "மூணு தடவை சொல்ல வந்தேன். ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னீங்க. அதான் பேசல. அவர் வெள்ளிக்கிழமை போறேங்கிறார். இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

ஜூராகானின் வாயில் வசவு தயாராக இருந்தது. வரவில்லை. வெட்கமாக இருந்தது அவளுக்கு. முகம் தெரியாத சைக்கிள்காரன் சொன்னதைக் கேட்டு ஆடினாள், கூடவே நின்று கெட்டில் பிடிக்கிறவள் சொல்ல வந்ததை அரை நிமிஷம் கேட்கவில்லை.

கதவைத் திறந்து தெருவுக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவளுக்கும் இல்லை, அந்த ஊருக்கும் இல்லை. எதிர்ச்சாரியில் சத்தார்குல் பிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"அண்ணே! இருமல் மருந்தைக் குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சா? இங்க வாங்க!"

"வேலை இருக்கும்மா."

"ரிடையர் ஆனவருக்கு என்ன வேலை? வாங்கன்னா!"

அவர் தயங்கித் தயங்கி வந்தார். தொப்பியைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். புருலாய் கெட்டிலைக் கொண்டுவந்தாள். கிண்ணத்தின் அடி நனைகிற அளவு, இரண்டு மடக்குதான் ஊற்றினாள். நீட்டினாள்.

சத்தார்குல் கிண்ணத்துக்குள் பார்த்தார். புருலாயைப் பார்த்தார். சமையல்கட்டு வாசலில் நின்ற ஜூராகானைப் பார்த்தார். இரண்டு மடக்கையும் குடித்துவிட்டு நீட்டினார். மறுபடியும் இரண்டே மடக்கு.

தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

ஜூராகான் ஓடிப்போய்த் தட்டு நிறைய லக்மான் கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒரு வாய் வைத்தார். முகம் கோணியது.

"அட கடவுளே! ஏ ஜூராகான், இதை நீ சமைச்சியா, இல்ல ஆஸ்பத்திரியில வாங்கிட்டு வந்தியா? உப்புன்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க, உனக்குச் சேதி வரலையா?"

ஜூராகானுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெங்காயம் நறுக்குகிற சாக்கில் உள்ளே போனாள்.

சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? இருட்டுவதற்குள் தாமிரா வந்தாள், மருந்துக்கடை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் வந்தது. "பாட்டில்லாம எப்படிச் சாப்பிடுறது, இதென்ன துக்க வீடா?" என்று தாமிராவே கேட்டாள். எர்மெக் கொட்டகையிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மறுநாளும் நிற்க இடமில்லை. வெள்ளிக்கிழமை வண்டி வந்து ஹாரன் அடித்தபோது அவன் நான்காவது மேஜைக்கு மந்தி வைத்துக்கொண்டிருந்தான். கையை மட்டும் வெளியே நீட்டி, போ போ என்று ஆட்டினான்.

அன்று சத்தார்குல் மத்தியானம் ஆரம்பித்த லாரிக் கதை விளக்கேற்றிய பிறகும் முடியவில்லை. அடுப்பு அணைந்துகொண்டிருந்தது. ஜூராகான் அவர் கிண்ணத்தைத் தானே வாங்கி, புருலாயிடம் நீட்டி, கண்ணைக் காட்டினாள். புருலாய் விளிம்பு வரை ஊற்றினாள்.

மேஜை மொத்தமும் வெடித்துச் சிரித்தது. "சரி சரி, புரியுது, கிளம்புறேன்" என்று சத்தார்குல் தொப்பியைத் தேடினார்.

எல்லாரும் போன பிறகு புருலாய் மேஜையைத் துடைக்க வந்தாள். ஜூராகான் அவள் கையிலிருந்த துணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காரு."

"அத்தை, பாத்திரம் கிடக்கு."

"உக்காருன்னா உக்காரு."

ஜூராகான் கெட்டிலை எடுத்தாள். பதறி எழப் பார்த்த புருலாயைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். அரைக் கிண்ணம் ஊற்றி, வலது கையால் மருமகளிடம் நீட்டினாள்.

"இப்பச் சொல்லு. என் லக்மான் எப்படி இருக்கு?"

புருலாய் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு மடக்குக் குடித்தாள். மாமியார் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்க மாட்டீங்களே அத்தை? நூடுல்ஸ் கொஞ்சம் கொழகொழன்னுதான் இருக்கு. சாறுல பூண்டு ஜாஸ்தி. அப்புறம் அந்த மந்தி..."

ஜூராகான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அரைக் கிண்ணம் ஊற்றினாள்.