கோட்டுக்குக் கீழே

டியூஷன் சென்டரில் காலியாக இருந்தது ஒரே ஒரு கணக்கு டீச்சர் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு நான் கேட்டுப் போன முதல் வேலை. பிள்ளைகள் முன்னால் பல்லுறுப்புக்கோவை நடத்திக் காட்டச் சொல்லியிருந்தார்கள். படித்ததெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது. கணக்கில் கெட்டியான அக்காவிடம் போனேன்.

சமையல் மேடையில் சிந்தியிருந்த மாவிலேயே விரலால் எழுதிக் காட்டினாள்.

"xஐ ஒரு பெட்டின்னு வெச்சுக்கோ. உள்ள என்ன எண்ணுன்னு தெரியாது. பெருக்கலாம், கூட்டலாம், கழிக்கலாம். அப்படிக் கோத்து வர்றதுதான் பல்லுறுப்புக்கோவை. வெறும் 7கூட அதுல சேர்த்திதான்."

"x கோட்டுக்குக் கீழ வந்தா?" மாவில் 3/x என்று எழுதினேன்.

அக்கா குழாயைத் திறந்து கை கழுவினாள். "வந்தா வரட்டுமே. அதுவும் ஒரு உறுப்புதான்."

"எதுக்கும் புத்தகத்தைப் பாத்துக்கவா?"

"நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், புத்தகம் எதுக்குடி?"

நடத்திக் காட்டும் நாளன்று, விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர் நடத்துவதையும் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த பெஞ்சில் அக்கா இருந்தாள்.

"சும்மா போட்டு வெச்சேன்டி. உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

நான் சிரிக்கக்கூடச் செய்தேன்.

என் முறை வந்தது. பலகையில் x² + 3/x என்று எழுதி, இதுவும் பல்லுறுப்புக்கோவை என்றேன். நிர்வாகி பேனாவை மூடி வைத்தார்.

அடுத்து அக்கா. நான் எழுதியதை அவள் அழிக்கவில்லை. 3/xஐச் சுற்றி வட்டம் போட்டாள்.

"x வகுக்குற இடத்துக்குப் போயிட்டா அது பல்லுறுப்புக்கோவை இல்ல. xஓட அடுக்கு 0, 1, 2ன்னுதான் வரணும். இங்க -1. நிறைய பேர் வழுக்கி விழற இடம் இது."

சமையல் மேடையருகே கேட்ட அதே பொறுமையான குரல். வேலை அவளுக்குத்தான்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அவள் சொல்லிக்கொடுத்ததை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பெட்டி சரி, 7 சரி. எல்லாமே பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. பொய் சொல்ல இடம் தேடி அவள் அலையவும் இல்லை. கேள்வியை எடுத்துக் கொடுத்தது நான்.

"எனக்கும் ஒரு வேலை வேணும்டி," என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி. "மனசுல வெச்சுக்காத. அடுத்த இடத்துக்கு நானே உன்னைத் தயார் பண்றேன்."

"வேண்டாம்க்கா," என்றேன். "நீ சொல்லிக் குடுத்தா நான் நம்பிடுவேன்."